காசு கட்டிய பாட்டு பூம்பாறை தாண்டியதும் ஏன் பாட மறுக்கிறது?

கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கம் ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். பாட்டு ஆப் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டி, 600 பாட்டுக்கு மேல் போனில் இறக்கி வைத்திருக்கிறார். பூம்பாறை தாண்டினால் பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது என்பதால்தான் இறக்கி வைத்ததே. ஒருநாள் கிளாவரைக்குச் சவாரி போகும்போது அத்தனை பாட்டும் மங்கிப்போய், இணையத்தில் இணையச் சொல்லி ஒரு வரி மட்டும் வந்திருக்கிறது. கொடைக்கானல் டவுனுக்கு வந்து இணைத்த பிறகு பார்த்தால் 11 பாட்டு பட்டியலிலேயே இல்லை. காசு கொடுத்து வாங்கியதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய முதல் கேள்வி. அவர் மனைவி பெருமாள்மலையில் டிடிபி கடை வைத்திருக்கிறார். அங்கே பதினைந்து வருடத்துக்கு முன்னால் செய்த கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் இப்போது திறப்பதில்லை. அதுவும் இதே கதைதானா என்பது இரண்டாவது கேள்வி. இப்படிக் கம்பெனிகள் மென்பொருளால் போடும் பூட்டை உடைத்தால் குற்றமா என்பது மூன்றாவது.

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த 600 பாட்டில் ஒன்றைக்கூட நீங்கள் வாங்கவில்லை. ஓர் ஆண்டுக்குக் கேட்க அனுமதி வாங்கியிருக்கிறீர்கள். அந்த அனுமதியை அவர்கள் எப்போது மாற்றலாம், எதை நீக்கலாம் என்பதெல்லாம் சந்தா கட்டும்போது ‘சம்மதம்’ என்று அமுக்கினீர்களே, அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதைப் படிக்காதது உங்கள் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதி அடியில் ஒரு பொத்தானை வைத்துவிட்டு, உள்ளே போனால் ‘உங்கள் பாட்டுகள்’, ‘உங்கள் நூலகம்’ என்று பெரிய எழுத்தில் போட்டால், யாராக இருந்தாலும் தன்னுடையது என்றுதான் நினைப்பார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் இதற்காகவே 2024இல் ஒரு சட்டம் போட்டது. உரிமம் மட்டும் தருகிற டிஜிட்டல் பொருளுக்கு, அதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போட்டு விற்கக்கூடாது என்கிறது அது. 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு சொல்லுக்காகச் சட்டமா என்று தோன்றலாம். எனக்கு அது மிகச் சரியான இடத்தில் கை வைத்த சட்டம் என்று படுகிறது.

நான் 1990களில் வத்தலக்குண்டில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்குகிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, பூண்டு மூட்டையையும் கேரட் மூட்டையையும் கமிஷன் கடையில் போட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பும்போது கேசட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, இழுத்துப் பிடித்தால் ஏழு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் அடுத்த வாரம் வந்து சத்தம் போடுவார்கள். அப்படிப் பதிந்து கொடுத்தது காப்புரிமைச் சட்டப்படி சரியில்லை. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்பெனிகளின் பூட்டைப் பற்றிப் பேசினாலே ‘அப்போது எல்லாமே இலவசமா?’ என்று கேட்பார்கள். நான் இலவசத்துக்காகப் பேசவில்லை.

அதே கடையில் கம்பெனி கேசட்டும் விற்றேன். காசு கொடுத்து அதை வாங்கியவருக்கு என்னவெல்லாம் செய்ய முடிந்தது என்று பாருங்கள். அக்கா வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். எந்தக் கம்பெனி டேப் ரெக்கார்டரிலும் போடலாம். வேண்டாமென்றால் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். மலை ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டால் மெல்லத் துடைத்து, ஸ்குரூவைக் கழற்றி வேறு கூட்டில் மாற்றிப் பாட வைத்திருக்கிறோம். வெளியிட்ட கம்பெனி மூடிப்போனாலும் கேசட் பாடும். இதில் ஒன்றைக்கூட யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. உங்கள் போனில் இருக்கும் பாட்டுக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. கேசட்டைவிட எத்தனையோ மடங்கு தெளிவாகப் பாடுகிற ஒரு சாதனம், வைத்திருப்பவருக்குக் கேசட் அளவுக்குக்கூட இடம் கொடுப்பதில்லை.

டவுன்லோட் என்று அமுக்கியதும் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பாட்டு உங்கள் போனுக்கு வருவது உண்மைதான். ஆனால் மறையாக்கம் செய்து, அதாவது எழுத்தெல்லாம் கலைத்துப் போட்ட மாதிரி வருகிறது. அதை மறுபடி பாட்டாக்கும் சாவி ஆப்புக்குள் தனியாக இருக்கிறது. அந்தச் சாவியோடு ஒரு கெடு தேதியும் வரும். பெரும்பாலான ஆப்களில் அது 30 நாள். அதற்குள் ஒருமுறையாவது ஆப் அவர்களுடைய சர்வரைத் தொட்டு, இந்த ஆள் இன்னும் சந்தாதாரர்தானா, இந்தப் பாட்டுக்கு இன்னும் நம்மிடம் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தொட முடியாவிட்டால் சாவி செத்துவிடும். ஃபைல் போனிலேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், பாடாது. உங்கள் 11 பாட்டு போன வழி வேறு. பாட்டின் உரிமை வைத்திருக்கும் இசைக் கம்பெனிக்கும் ஆப்புக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தாலோ முறிந்தாலோ பாட்டு எல்லாருடைய பட்டியலிலிருந்தும் போய்விடும். 2024 ஜனவரி முடிவில் யுனிவர்சல் மியூசிக்குக்கும் டிக்டாக்குக்கும் தகராறு வந்தபோது, அந்தக் கம்பெனியின் பாட்டெல்லாம் அங்கிருந்து காணாமல் போனது. மே மாதம் சமரசமான பிறகுதான் திரும்பி வந்தது. சண்டை இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில், பாட்டு போனது கேட்பவர்களிடமிருந்து.

மதுரையிலோ சென்னையிலோ இருப்பவருக்கு இந்த 30 நாள் கெடு கண்ணிலேயே படாது. போன் எந்நேரமும் இணையத்தில் இருக்கும், சாவி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கூக்கால், கிளாவரை என்று போகிறவருக்குத்தான் அது கழுத்தைப் பிடிக்கும். சிக்னல் இல்லாத ஊருக்காகவே டவுன்லோட் வசதி என்று விளம்பரம் செய்துவிட்டு, சிக்னல் இல்லாத ஊரில் அதை நிறுத்துவது நியாயமே இல்லை. கோடை பண்பலை 100.5இல் பாட்டுப் போட்டால் கீழே சமவெளியில் எத்தனையோ மாவட்டத்துக்குக் கேட்கிறது. எந்த ரேடியோ, யாருடையது, சந்தா கட்டினாரா என்று அலை கேட்பதில்லை. உரிமைதாரர்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒலிபரப்புகிறவர் பார்த்துக்கொள்கிறார். கேட்பவர் வீட்டுக்குள் பூட்டுப் போடாமலேயே படைப்பாளிக்குப் பணம் போக வழி பண்ண முடியும் என்பதற்கு இது போதும்.

இந்தப் பூட்டு வந்த வரலாறு கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. 2003 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி ஐடியூன்ஸ் பாட்டுக் கடையைத் திறந்தது. பாட்டு ஒன்று 99 சென்ட். இசைக் கம்பெனிகள் பூட்டில்லாமல் விற்கச் சம்மதிக்கவில்லை, அதனால் ஆப்பிள் ஒரு பூட்டுப் போட்டது. வாங்கிய பாட்டு முதலில் மூன்று, பிறகு ஐந்து கணினிகள் வரை பாடும், கையடக்கக் கருவி என்றால் ஆப்பிளின் ஐபாட் என்ற பாட்டுக் கருவியில் மட்டும்தான் பாடும். அந்தப் பூட்டை வேறு கருவிக்காரர்களுக்கு ஆப்பிள் கொடுக்கவில்லை. சில வருடத்தில் இசைக் கம்பெனிகளுக்கு ஒன்று உறைத்தது. பாட்டுக்குப் போட்ட பூட்டின் சாவி தங்கள் கையிலும் இல்லை, கேட்பவர் கையிலும் இல்லை, கடைக்காரர் கையில் இருக்கிறது. இருநூறு பாட்டு வாங்கிய ஒருவர் வேறு கருவிக்கு மாறினால் இருநூறும் போய்விடும், ஆகவே அவர் மாற மாட்டார். வாடிக்கையாளர் கடைக்காரரிடமே மாட்டிக்கொண்டால், விலையைக் கடைக்காரர்தான் சொல்வார்.

2007 பிப்ரவரியில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே ஒரு திறந்த கடிதம் எழுதி, இசைக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டால் பூட்டில்லாமல் விற்கத் தயார் என்றார். ஏப்ரலில் இஎம்ஐ என்ற இசைக் கம்பெனி ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் அமேசான் பூட்டே இல்லாத எம்பி3 கடை திறந்தது. 2009 ஜனவரியில் ஆப்பிள் தன் கடையிலிருந்த பாட்டுகளுக்கெல்லாம் பூட்டை எடுப்பதாக அறிவித்தது. பூட்டை எடுத்தால் இசைத் தொழிலே படுத்துவிடும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைகள் தொடர்ந்து நடந்தன. இன்றும் ஐடியூன்ஸ் கடையில் தனிப்பாட்டாகக் காசு கொடுத்து வாங்கினால் பூட்டில்லாத ஃபைல்தான் கிடைக்கும். பலருக்கு இது தெரியாது.

அதே சமயத்தில் எதிர்ப்பக்கம் நடந்தது இன்னும் முக்கியம். மைக்ரோசாஃப்ட் நடத்திய எம்எஸ்என் மியூசிக் கடையில் பூட்டுப் போட்ட பாட்டுகளைப் பலர் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். கடை மூடியது. 2008 ஏப்ரலில் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: ஆகஸ்ட் 31க்குப் பிறகு சாவி தரும் சர்வரை நிறுத்திவிடுவோம். அதன்பின் புதுக் கணினிக்கு மாற்றினாலோ விண்டோஸை மறுபடி நிறுவினாலோ பாட்டு பாடாது. இது சந்தா இல்லை தம்பி, ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகக் காசு கொடுத்தவர்களுக்கு வந்த மின்னஞ்சல். கூச்சல் கிளம்பியதால் சர்வரை 2011 கடைசி வரை ஓட்டுவதாகச் சொன்னார்கள். 2009 ஜூலையில் அமேசான், மின்னூல் படிக்கும் தன் கிண்டில் கருவிகளில் வாசகர்கள் வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை அவர்களைக் கேட்காமலேயே தூரத்திலிருந்து அழித்தது. அந்த நூல்களை அமேசான் கடையில் போட்டவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அமேசான் தலைவராக இருந்த ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் விற்ற பிறகு வாங்கியவர் வீட்டு அலமாரிக்குள் கை விட முடியும் என்று அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

சிடி மட்டும் சாதுவா என்றால், 2005இல் சோனி பிஎம்ஜி என்ற இசைக் கம்பெனி செய்ததைச் சொல்ல வேண்டும். சில சிடிகளைக் கணினியில் போட்டால், பாட்டோடு ஒரு மென்பொருளும் சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, கணினியின் அடிப்பகுதியில் தன்னை ஒளித்துக்கொண்டது. நகலெடுப்பதைத் தடுப்பது அதன் வேலை. ஒளிவதற்கு அது கையாண்ட முறை வைரஸ் எழுதுகிறவர்கள் கையாளும் அதே முறை. மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் அக்டோபர் 31 அன்று கண்டுபிடித்து எழுதினார். கொஞ்ச நாளிலேயே உண்மையான வைரஸ்கள் அதன் மறைவில் ஒளிய ஆரம்பித்தன. வழக்குகள் வந்தன, சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள். யோசித்துப் பாருங்கள், திருட்டாக இறக்கியவர் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்குப் போய் முழுக் காசும் கொடுத்தவர் கணினிதான் கெட்டது.

பூட்டை எடுத்தார்கள் என்றேன், பிறகு உங்கள் போனில் எப்படி மறுபடி வந்தது? விற்பதையே குறைத்துக்கொண்டு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். வாடகையை நான் தப்பென்று சொல்லவில்லை. மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கோடிக்கணக்கான பாட்டு கேட்கக் கிடைப்பது நல்ல விஷயம். வாடகை என்று சொல்லி வாடகைக்குக் கொடுக்க வேண்டும், விற்பனையையும் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். அதோடு அந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆப்கள் எல்லாருடைய சந்தாவையும் ஒரே அண்டாவில் ஊற்றி, மொத்தமாக எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற கணக்கில் பங்கு போடுகின்றன. நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு நாட்டுப்புறப் பாடகரைக் கேட்டாலும் உங்கள் ரூபாய் அவருக்கே போகும் என்று கிடையாது. ஸ்பாட்டிஃபை 2024 முதல் இன்னொரு விதியும் வைத்தது: 12 மாதத்தில் 1,000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு அந்தப் பங்கு கிடையாது. சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் ஒரு பொருட்டில்லை. தாண்டிக்குடியிலோ பன்றிமலையிலோ ஒருவர் தன் ஊர்ப் பாட்டைப் பதிந்து போட்டால் ஆயிரம் பெரிய எண்.

போன வருடம் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் பெண்கள் அடித்த கும்மியைப் பதிந்து ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினேன். இரண்டே நாளில், இது வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமான பாட்டு என்று தானியங்கி அறிவிப்பு வந்தது. பாட்டி காலத்திலிருந்து பாடுகிற கும்மி அது. யாரோ அதே மெட்டில் பக்தி ஆல்பம் போட்டிருக்கிறார்கள், இயந்திரம் இரண்டையும் ஒன்று என்று முடிவு செய்துவிட்டது. ஆட்சேபம் எழுதி மூன்று வாரம் காத்திருந்த பிறகு விட்டார்கள். அதற்குள் திருவிழா முடிந்து, பார்க்க ஆசைப்பட்ட வெளியூர்ப் பிள்ளைகள் மறந்தே போனார்கள். பாடிய பெண்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இனி உங்கள் வீட்டம்மா கடைக்கு வருகிறேன். பாட்டு பாடாவிட்டால் மனசுதான் கஷ்டப்படும், அந்த ஃபைல் திறக்காவிட்டால் பிழைப்பு கெடும். அதனால் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரியது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் டிடிபி கடை என்றால் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்தான். அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதற்குப் பிறகு அதன் கம்பெனியான அடோபி அதை வளர்க்கவில்லை, நம் ஊர்க் கடைகளோ மேலும் பத்துப் பதினைந்து வருடம் அதிலேயே ஓட்டின. பிறகு 2013இல் அடோபி தன் முக்கிய மென்பொருள்களை ஒருதடவை விலைக்கு விற்பதை விட்டு மாதச் சந்தாவுக்கு மாறியது. சீசனுக்குச் சீசன் வேலை வருகிற மலையோரக் கடைக்கு மாதாமாதம் கட்டுவது எவ்வளவு சுமை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தாவை நிறுத்தினால், தன் கையால் செய்த ஃபைலைத் திருத்தக்கூடக் கடைக்காரருக்கு வழியில்லை. ஆமாம் தம்பி, உங்கள் பாட்டின் கதையேதான்.

தமிழில் இதற்கு மேலும் ஒரு பூட்டு இருந்தது. ஒவ்வொரு தமிழ் ஃபாண்ட் கம்பெனியும் எழுத்துகளுக்குத் தனக்குத் தோன்றிய இடத்தைக் கொடுத்திருந்தது. பாமினி என்ற ஃபாண்டில் அடித்ததை இன்னொரு கம்பெனி ஃபாண்டில் திறந்தால் ‘அன்புடையீர்’ என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். சில மென்பொருளுக்குக் கணினியின் பின்னால் செருகும் டாங்கிள் வேறு. அது கெட்டுப்போனால் கடை அன்றைக்கு மூடல்தான். பல வருடம் தமிழில் அடித்தவர்களின் உழைப்பு இப்படிக் கம்பெனி கம்பெனியாகத் துண்டுபட்டுக் கிடந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு பொதுவான குறியேற்றங்களும், அதாவது எந்த எழுத்துக்கு எந்த இடம் என்ற பொது ஏற்பாடுகளும், தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு, டேஸ்16 என்ற இரண்டு குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. யூனிகோடு யாருடைய தனிச் சொத்தும் இல்லை. இன்று நீங்கள் போனில் அடிக்கிற தமிழ் எந்தக் கம்பெனி போனிலும் தமிழாகவே தெரிவதற்கு அதுதான் காரணம்.

அந்தப் பழைய பத்திரிகை ஃபைல்களைத் திறக்க வழி இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸ் என்ற கட்டற்ற மென்பொருள் 2015 முதல் பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்கிறது. உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தன்னார்வலர்கள் ஒவ்வொரு பைட்டாகப் பார்த்துக் கண்டுபிடித்து, எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். வடிவமைப்பு அப்படியே நூற்றுக்கு நூறு வராது. சொற்களும் இடமும் கிடைக்கும். பாமினியில் இருக்கும் எழுத்தை யூனிகோடாக மாற்றவும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. விற்றவர் கைவிட்ட ஃபைலை, விற்காதவர்கள் திறந்து கொடுக்கிறார்கள்.

கட்டற்ற மென்பொருள் என்ற பேச்சு தொடங்கியதும் ஒரு பிரிண்டரில்தான் என்பதை உங்கள் வீட்டம்மா ரசிப்பார். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவன ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் வேலை பார்த்தபோது அங்கே ஒரு புது லேசர் பிரிண்டர் வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்த அவர் நினைத்தார், பழைய பிரிண்டரில் அப்படிச் செய்தும் இருந்தார். புதியதன் மூலநிரலை, அதாவது மென்பொருளைத் திருத்தத் தேவையான அதன் மூல எழுத்தை, அவருக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1983 செப்டம்பரில் அவர் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். பயன்படுத்துகிறவருக்கு நான்கு சுதந்திரம் வேண்டும் என்றார்: எந்த வேலைக்கும் ஓட்டலாம், எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத் திருத்தலாம், நகலைப் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். இதில் விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காசுக்கு விற்கவும் செய்யலாம். வாங்கியவர் கையைக் கட்டக்கூடாது, அதுதான் விஷயம்.

இந்தச் சுதந்திரம் பேச்சளவில் நிற்பதில்லை. ஓப்பன் ஆஃபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளை வளர்த்த சன் கம்பெனியை ஆரக்கிள் கம்பெனி வாங்கிய பிறகு, அதன் போக்கு பிடிக்காத பெரும்பாலான நிரலாளர்கள் 2010இல் அந்த மூலநிரலையே எடுத்துக்கொண்டு தனியாகப் போய் லிப்ரே ஆஃபிஸைத் தொடங்கினார்கள். உரிமம் அதை அனுமதித்தது. பேஜ்மேக்கரைப் பயன்படுத்திய நம்மைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு வாசல் இருந்திருந்தால், அது இன்றும் தமிழில் ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

கொடைக்கானலில் இருக்கிற சூரிய ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். 1899இல் வந்தது. 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துக் கண்ணாடித் தட்டுகளில் வைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய தட்டை இன்று ஒருவர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சூரியனும் அதன் மேல் கரும்புள்ளிகளும் தெரியும். எந்தக் கம்பெனியும் சாவி தர வேண்டியதில்லை. அதனால்தான் அத்தனையையும் டிஜிட்டலாக்கி, உலகத்தில் எங்கே இருக்கிற ஆய்வாளரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க முடிந்தது. பெருமாள்மலையில் பதினைந்து வருடத்துக்கு முன்னால் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையின் ஃபைல் திறக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில கிலோமீட்டர் மலைப்பாதைதான்.

சரி, பூட்டை உடைத்தால் குற்றமா? நான் வக்கீல் இல்லை, ஆனால் சட்டத்தின் வாசகம் தெளிவாகவே இருக்கிறது. நம் காப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும். ‘நோக்கத்தோடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காக உடைத்தால் இந்தத் தண்டனை பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அமெரிக்காவின் 1998 சட்டம் இதைவிடக் கடுமை. அங்கே சொந்தப் பயன்பாட்டுக்காக உடைப்பதே சட்டமீறலாகலாம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடி எதற்கெல்லாம் விலக்கு என்று பார்க்கிறார்கள். நம் நாடாளுமன்றம் அதை அப்படியே நகலெடுக்காதது நல்ல காரியம்.

52ஆம் பிரிவும் உங்களுக்கு உதவும். சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவது மீறலாகாது, இது மென்பொருளுக்குப் பொருந்தாது. மென்பொருளுக்கு வேறு உட்பிரிவு உண்டு: முறையாக வாங்கி வைத்திருப்பவர், அழிந்துபோகாமல் காக்க ஒரு காப்புநகல் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து பாட்டைக் கணினிக்கு ஏற்றி ஜீப்பில் கேட்பதற்கு யாருக்கும் பயப்பட வேண்டாம். வாடகைக்கு எடுத்த ஆப் பாட்டின் பூட்டை உடைத்து நிரந்தரமாக வைத்துக்கொள்வது வேறு விஷயம். அங்கே ஒப்பந்தமும் குறுக்கே நிற்கிறது, நோக்கம் என்ன என்று கேட்டால் சொல்லப் பதிலும் இருக்காது. அதைச் செய்யாதீர்கள். வாடகை வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது நம் வழக்கம் இல்லை.

அப்புறம் என்னதான் செய்வது என்றால், நான் செய்வதைச் சொல்கிறேன். புதுப்பாட்டைத் தேடிக் கேட்க ஆப் வைத்திருக்கிறேன். இது வருடக்கணக்கில் கூட வரும் என்று தோன்றுகிற பாட்டை மட்டும் தனியாக வாங்கிவிடுவேன். சினிமாப் பாட்டென்றால் பூட்டில்லாத ஃபைல் விற்கிற கடையிலோ சிடியாகவோ. தனியாக ஆல்பம் போடுகிற இளைஞர்கள், பேண்ட்கேம்ப் போல இசைக்காரர்களே நேரடியாக விற்கும் இணையதளத்தில் வைத்திருந்தால் அங்கே. அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம்தான், பெரும்பகுதி பாடியவருக்குப் போகும். மாதம் இரண்டு ஆல்பம் வாங்கினாலும் வருடக் கடைசியில் 24 ஆல்பம் நிரந்தரமாகக் கையில் இருக்கும். ஃப்ளாக் என்ற வடிவத்தில் வைத்துக்கொள்கிறேன். 2001இல் வந்தது, தரம் குறையாது, யாருக்கும் பேடன்ட் (கண்டுபிடிப்பு உரிமை) கட்டணமும் இல்லை. ஜீப் ஸ்டீரியோவுக்கு எம்பி3ஆக மாற்றிப் பென்டிரைவில் போட்டால் போதும். எம்பி3யின் பேடன்ட்களும் காலாவதியாகிவிட்டன, 2017இல் அதற்கான உரிமத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். போனில் விஎல்சி என்ற கட்டற்ற பிளேயர் ஆப் இருந்தால் எல்லாமே பாடும், சிக்னல் தேவையே இல்லை.

கடைக்கு, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்ல மாட்டேன். வெளியூர் அச்சகம் அடோபி ஃபைல்தான் கேட்கிறது என்றால் அதற்கு மட்டும் சந்தா இருக்கட்டும். புதிதாக அடிக்கிற தமிழெல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். முடித்த ஒவ்வொரு வேலையையும் பிடிஎஃப் ஆகவும், வெறும் உரையாகவும் கூடவே சேமிக்கச் சொல்லுங்கள். படிக்கும்போது உங்கள் வீட்டில் யாருக்காவது அரசு லேப்டாப் கிடைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். பல லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலானவர்கள் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை. பழகிப் பார்க்க அதுவே போதும்.

எந்த ஆப்பில் சேர்ந்தாலும் சேருவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள்: வெளியே போகும்போது நம்முடையதை எடுத்துக்கொண்டு போக வழி வைத்திருக்கிறார்களா? பாட்டுப் பட்டியலாக இருந்தாலும் சரி, கடையின் பில் கணக்காக இருந்தாலும் சரி. அந்த வழி இல்லையென்றால் நான் நுழைவதில்லை. பில் போடும் ஆப்பில் மூன்று வருடக் கணக்கை மாட்டிவிட்டுத் தவித்த பூண்டு வியாபாரி ஒருவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு பில்லாகத் திரையைப் பார்த்து நோட்டில் எழுதி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கினால் அந்தப் பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து திறந்து பார்ப்போம். எந்த ஃபாண்டில் அடித்தது என்று வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வீட்டில் பழைய சிடி, கேசட் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வந்தால் நல்லது, நம் மலையில் ஒரு ஐப்பசி ஈரம் போதும், நாடா ஒட்டிக்கொள்ள.